ஆப்பிள் வெச்ச தோட்டமும் திசை மாறின பிளாக்கேப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தோட்டத்துல பழம் வெட்டி வெச்சா பறவை வரும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அப்படி வெக்கிற தீனி ஒரு பறவை எந்தத் திசைல வலசை போகணும்ங்கறதையே மாத்திடுமா, அதுவும் ஒரு மனுஷ ஆயுசுக்குள்ளன்னு கேட்டா, தீனிக்கு அதுல பெரிய பங்கு இருக்குன்னுதான் ஐரோப்பால 30 வருஷத்துக்கு மேல நடந்த ஆராய்ச்சி எல்லாம் சேந்து சொல்லுது. பறவையோட பேரு பிளாக்கேப். நடந்த இடம் காடு இல்ல, சரணாலயம் இல்ல, பிரிட்டன்ல இருக்கற சாதாரண வீட்டுப் பின்பக்கங்கள். நான் தெற்கு இங்கிலாந்துல இருக்கறதால குளிர்காலம் வந்தா இந்த ஆள தினமும் பாக்கறேன், அதான் இத விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஆளு யாரு

வார்ப்ளர்னு சொல்ற சின்னப் பாட்டுக்காரக் குருவிக் கூட்டத்துல ஒண்ணு. சிட்டுக்குருவி நீளம்தான், ஆனா ஒல்லி, எடை 20 கிராம் பக்கம். உடம்பு பூரா சாம்பல், ஆணுக்கு மட்டும் தலைல கண்ணுக்கு மேல வரைக்கும் கறுப்பு. பொட்டைக்கு அதே இடத்துல செங்கல் கலர், குஞ்சுகளுக்கும் மொதல்ல அப்படித்தான், அதனால ரெண்டும் வேற வேற பறவைன்னு நெனச்சிட்டு இருக்கறவங்க இங்கயே நிறைய பேரு. ஏப்ரல்ல வரும், புதருக்குள்ள உக்காந்துட்டு பிரமாதமா பாடும், புழு பூச்சி புடிச்சு குஞ்சு வளக்கும், சம்மர் முடியற நேரத்துல பழத்துக்கு மாறிடும். எல்டர்பெர்ரி, பிளாக்பெர்ரின்னு தின்னு உடம்புல கொழுப்பு ஏத்திட்டு செப்டம்பர் அக்டோபர்ல கிளம்பி ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கான்னு போயிடும். புத்தகத்துல ரொம்ப நாளா இருந்த கதை இது.

ஆனா 1950கள், 60கள்ல இருந்து டிசம்பர் ஜனவரிலயும் பிளாக்கேப் கண்ணுல பட ஆரம்பிச்சுது, அதுவும் பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துல. மொதல்ல எல்லாரும் என்ன நெனச்சாங்கன்னா, குளிர் கொஞ்சம் கம்மியா இருக்கு, இங்க பொறந்ததுல சிலது போகாம தங்கிடுச்சுன்னு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்போம். ஆனா காலுல நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி விடற வேலை இங்க 1909லேர்ந்து நடக்குது, அந்த வளையங்கள் சொன்ன கதை வேற. சம்மர்ல ஜெர்மனிலயும் ஆஸ்திரியாலயும் வளையம் போட்ட பறவை குளிர்காலத்துல பிரிட்டன்ல கிடைக்குது. இங்க கூடு கட்டினதோ வழக்கம்போல தெக்க போயிடுது. அதாவது ஊர்க்காரன் வீட்ட காலி பண்ணிட்டு போறான், அதே வீட்டுக்கு வெளியூர்க்காரன் குடிவர்றான். ரெண்டு பேரும் ஒரே ஜாதி, ஒரே சட்டை, பாத்தா வித்தியாசம் சொல்ல முடியாது.

நடு ஐரோப்பால இருந்து இங்கிலாந்துன்னா அது வடமேற்கு. குளிர்காலத்துக்கு வடக்கு பக்கமா போற பறவையா? கிறுக்குத்தனமாத்தான் தோணும்.

பிளாக்கேப்போட பழைய பாதை ரெண்டு. ஐரோப்பாவோட மேற்குப் பக்கம் இருக்கறதுங்க தென்மேற்கா ஸ்பெயின் பக்கம், கிழக்குல இருக்கறதுங்க தென்கிழக்கா துருக்கி, இஸ்ரேல் வழியா கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஆஸ்திரியா பக்கமா ஒரு எல்லை ஓடுது. அம்மா அப்பா கூட்டிட்டு போறதெல்லாம் கிடையாது, சின்னப் பறவை, ராத்திரில, தனியா போகுது. அப்போ வழி எங்க எழுதியிருக்கு?

கூம்புக்குள்ள ஒரு ராத்திரி

இந்தக் கேள்விய புடிச்சிட்டு விடாம உக்காந்தவர் பீட்டர் பெர்டோல்ட். ஜெர்மனில ராடால்ஃப்செல்னு ஒரு ஊரு, அங்க மாக்ஸ் பிளாங்க் பறவை ஆராய்ச்சி நிலையம், அங்கதான் வேலை. வலசை காலம் வந்துட்டா கூண்டுல இருக்கற பறவைக்கும் ராத்திரி இருப்புக்கொள்ளாது, தூங்காம படபடன்னு குதிச்சிட்டே இருக்கும். எந்தப் பக்கம் போகணும்னு உடம்பு சொல்லுதோ அந்தப் பக்கமே குதிக்கும். இத அளக்கறதுக்கு அமெரிக்காக்காரர் ஸ்டீபன் எம்லென் 1966ல ஒரு சாமான் செஞ்சார், சும்மா ஒரு கூம்பு, மேல விரிஞ்சு கீழ குறுகி, மேல வலை. பறவைய உள்ள விட்டா அது சரிவுல ஏறப் பாக்கும், வழுக்கிக் கீழ வரும், திரும்ப ஏறும். பிளாக்கேப் ஆராய்ச்சில சரிவுல ஒட்டினது என்ன தெரியுமா, டைப்ரைட்டர்ல தப்பு அடிச்சா அழிக்கற வெள்ளை கரெக்‌ஷன் பேப்பர். கால் நகம் பட்டா வெள்ளைல கீறல் விழும். கீறல் எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் அது போக நெனச்ச திசை. கோடிக்கணக்குல செலவாகற மெஷின் இல்லாம இப்படி ஒரு விஷயத்த கண்டுபுடிச்சது எனக்கு இன்னைக்கும் ரொம்பப் புடிச்ச சங்கதி.

ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக்னு இன்னொருத்தர், 1991ல வெளிவந்த வேலை, மேற்கு பக்கத்து பிளாக்கேப்பயும் கிழக்கு பக்கத்து பிளாக்கேப்பயும் ஜோடி சேத்து குஞ்சு பொரிக்க விட்டார். அப்பா தென்மேற்கு, அம்மா தென்கிழக்கு, புள்ளைங்க ரெண்டுக்கும் நடுவுல தெக்கால குதிச்சுதுங்க. நேரா தெக்கன்னா ஆல்ப்ஸ் மலை, மத்தியதரைக் கடல், சஹாரான்னு எல்லாத்தையும் தாண்டணும், நிஜத்துல போனா அது ரொம்பக் கஷ்டமான வழி. திசைங்கறது ரத்தத்துல வர்றதுன்னு இதுல தெளிவாச்சு.

அடுத்து 1992ல நேச்சர் இதழ்ல பெர்டோல்ட் குழு போட்ட கட்டுரை. குளிர்காலத்துல இங்கிலாந்தோட தென்மேற்குப் பக்கம் புடிச்ச பிளாக்கேப்புகள ஜெர்மனிக்கு கொண்டுபோய் அங்கயே ஜோடி சேத்து குஞ்சு எடுத்தாங்க. இலையுதிர்காலம் வந்ததும் கூம்புல விட்டா, பெருசுங்க மேற்கு வடமேற்கா குதிக்குது. சரி, அது பழக்கமா இருக்கலாம். ஆனா இங்கிலாந்தையே கண்ணால பாக்காத குஞ்சுகளும் அதே மேற்கு வடமேற்கு. பக்கத்துலயே தென்மேற்கு ஜெர்மனில புடிச்ச உள்ளூர் பறவைங்க, அதுங்க தென்மேற்கு. வழி தவறி வந்ததோ காத்து அடிச்சு வந்ததோ இல்ல, வடமேற்கு போற குணம் பொறப்புலயே இருக்கு, அது சில பத்து வருஷத்துலதான் பெருகியிருக்கு. பரிணாமம்னா லட்சக்கணக்குல வருஷம் ஆகும்னு ஸ்கூல்ல படிச்சிட்டு வந்தவங்களுக்கு இது ஒரு அடிதான்.

இதுக்கு முன்னாடியும் அந்த மாதிரி ஏடாகூட திசை புடிக்கற குஞ்சு அங்கொண்ணு இங்கொண்ணு பொறந்துட்டுதான் இருந்திருக்கணும். இங்க வந்து சேந்ததும் டிசம்பர் குளிர்ல செத்துருக்கும், அந்த குணமும் அதோட முடிஞ்சிருக்கும். தெற்கு இங்கிலாந்துலயே டிசம்பர் கடைசில ராத்திரி 16 மணி நேரம். 20 கிராம் உடம்பு அத்தனை நேரம் சூடு குறையாம இருக்கணும்னா சாயங்காலத்துக்குள்ள வயிறு நெறைய கிடைச்சாகணும், கிடைக்கலன்னா காலைல எழுந்திருக்காது, அவ்ளோதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இங்க வீட்டுக்கு வீடு பறவைக்கு தீனி வெக்கிறது பழக்கமாயி, கொழுப்பு உருண்டை, ரொட்டித் துண்டு, ஆப்பிள்னு ஆரம்பிச்சு பின்னாடி தோல் நீக்கின சூரியகாந்தி விதை வரைக்கும் வந்துச்சு. குளிர்காலமும் முன்ன மாதிரி கடுமையா இல்ல. செத்துட்டு இருந்தது பொழைச்சுக்கிச்சு.

பொழைச்சது மட்டும் இல்ல, லாபமும் சேந்துச்சு. ஸ்பெயின் போய் வர்றதவிட இங்க வந்துபோற தூரம் கம்மி. அதோட வடக்க பகல் நீளற வேகம் ஜாஸ்தி, வசந்தம் வருது கிளம்புன்னு உடம்புக்கு சொல்றதே அந்தப் பகல் நீளம்தான், அதனால இங்க குளிர்காலம் கழிச்சதுங்க சீக்கிரம் கிளம்பி ஜெர்மனிக்கு முன்னாடியே போய் சேருதுங்க. முன்னாடி போனவனுக்கு நல்ல புதர், நல்ல இடம்.

நகமும் மூக்கும்

முன்னாடி வந்ததுங்க முன்னாடி வந்ததுங்களோடயேதான் ஜோடி சேரும்? பின்ன ஸ்பெயின்ல இருந்து வர்றவங்களுக்காக காத்திட்டா இருக்கும்? இத எப்படி சோதிக்கறதுன்னுதான் கஷ்டம், ஏன்னா ஜெர்மனில ஏப்ரல்ல உக்காந்திருக்கற பறவைய பாத்து நீ குளிர்காலத்துல எங்கய்யா இருந்தன்னு கேக்க முடியாது. ஸ்டூவர்ட் பேர்ஹாப் குழு 2005ல சயன்ஸ் இதழ்ல இதுக்கு ஒரு வழி காட்டுச்சு. மழைத் தண்ணில இருக்கற ஹைட்ரஜன்ல கனமான வகை எவ்ளோங்கறது ஊருக்கு ஊரு மாறும், அது செடி, பூச்சி, பழம் வழியா பறவை உடம்புக்குள்ள போகும். நகம் மெதுவா வளர்றதால ஏப்ரல் நகத்துல ஜனவரி சாப்பாட்டோட கையெழுத்து இருக்கும். நகத்துல துளி வெட்டி ஆராய்ஞ்சா யாரு இங்கிலாந்து, யாரு ஸ்பெயின்னு பிரிச்சிடலாம். பிரிச்சு பாத்ததுல ஒரே இடத்துல குளிர்காலம் கழிச்சதுங்க தங்களுக்குள்ளயே ஜோடி சேர்றது, தற்செயலா நடக்கறதவிட அதிகமாவே இருந்துச்சு. ஒரே காட்டுல, பக்கத்து பக்கத்து புதர்ல கூடு கட்டற பறவைங்க, ஆனா கல்யாண சந்தை ஓரளவு பிரிஞ்சு கிடக்கு.

2009ல ஜெர்மனில ஃப்ரைபர்க் பக்கத்துல ரோல்ஸ்ஹவுசன் குழு இன்னொண்ணு பாத்தாங்க, எனக்கு இந்த மொத்தக் கேஸ்லயே சுவாரசியமான இடம் இதுதான். வடமேற்கு போற பிளாக்கேப்புக்கு மூக்கு ஒல்லி, இறக்கை நுனி உருண்டை. தென்மேற்கு போறதுக்கு மூக்கு அகலம். ஏன்? ஸ்பெயின்ல குளிர்காலச் சாப்பாடு ஆலிவ் மாதிரி பழம், முழுசா முழுங்கணும்னா வாய் அகலமா இருக்கணும். இங்கிலாந்துல கம்பி வலைக்குள்ள இருக்கற கொழுப்பையும், குத்தி வெச்ச ஆப்பிளையும் கொத்த அகல வாய் தேவையே இல்ல, ஒல்லி மூக்கே வசதி. தூரம் கம்மியாயிட்டதால நீளக் கூர் இறக்கையும் தேவையில்லாம போச்சு. பழத்துக்காக அகலமான மூக்கு, நாம வெச்ச பழத்தால ஒல்லியாகுது, கேலிக்கூத்துதான். இதெல்லாம் 30 தலைமுறைக்குள்ள. வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்குலதான், என் ஜன்னல்ல உக்காந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

ஆப்பிளுக்கு எவ்ளோ பங்கு

இந்த ஆராய்ச்சி வந்தப்போ எல்லாம் பேப்பர்ல தலைப்பு எப்படி போட்டிருப்பாங்கன்னு சொல்லத் தேவையில்ல. தோட்டத் தீனியால புது பறவை இனம் உருவாகுது, அந்த ரீதில. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கணும். 2020ல மரபணு முழுசையும் படிச்சு பாத்த குழு, வடமேற்கு கூட்டத்துக்கும் மத்த கூட்டத்துக்கும் ஜீன்ல வித்தியாசம் ரொம்பக் கம்மின்னு சொல்லிட்டாங்க. முதுகுல மாட்டற குட்டி ஜியோலொக்கேட்டர், சூரியன் உதிக்கற மறையற நேரத்த பதிஞ்சு வெக்கும், அத வெச்சு எங்க போச்சுன்னு கணக்கு போடலாம், அதுல பாத்தா இங்க வர்றதுங்க ஜெர்மனி ஆஸ்திரியாலேர்ந்து மட்டும் இல்ல, ஐரோப்பால பரவலா பல இடத்துலேர்ந்து வருது. ஒரே ஊரு, ஒரே குடும்பம் பெருகின கதை இல்ல. புது இனம்ங்கறது இப்போதைக்கு பேப்பர் பேச்சுதான்.

சரி, தீனிதான் காரணம்ங்கறதுக்கு என்ன சாட்சி? இங்க பிடிஓன்னு சுருக்கமா சொல்ற பிரிட்டிஷ் டிரஸ்ட் ஃபார் ஆர்னித்தாலஜி இருக்கு, 1932ல ஆரம்பிச்சது. அவங்க கார்டன் பேர்ட்வாட்ச்ல ஆயிரக்கணக்கான வீட்டுக்காரங்க வாராவாரம் தோட்டத்துல என்ன வந்துச்சு, என்ன தீனி வெச்சோம்னு எழுதி அனுப்புவாங்க. ரிட்டையர் ஆன தாத்தா பாட்டிங்க டீ குடிச்சிட்டே எழுதின கணக்கு, அதுலதான் இவ்ளோ பெரிய ஆராய்ச்சி நிக்குது, அவங்களுக்கு ஒரு கும்பிடு. கேட் பிளம்மர் குழு 1999லேர்ந்து 12 குளிர்காலத்துக் கணக்க எடுத்து 2015ல வெளியிட்டாங்க. தீனி தவறாம வெக்கிற தோட்டத்துலயும், குளிர் கம்மியான பகுதிலயும்தான் பிளாக்கேப் அதிகம், அதுலயும் தீனியோட இருக்கற தொடர்பு வருஷம் போகப் போக பலமாகுது. அதாவது அதுங்க தோட்டத்த நம்பி வாழ பழகிட்டே வருது.

ஆனா ஒரு விஷயம், அதிகம் இழுக்கறது ஆப்பிள் இல்ல. கொழுப்பும் சூரியகாந்திப் பருப்பும்தான். ஆப்பிள்ல தண்ணியும் சர்க்கரையும், 16 மணி நேர ராத்திரிக்கு அது எந்த மூலைக்கு? அதனால நான் புரிஞ்சுக்கறது என்னன்னா, பழம் தின்னு பழகின பறவைக்கு தோட்டத்தோட வாசப்படி ஆப்பிள், உள்ள புடிச்சு உக்கார வெச்சது கொழுப்பு. இது என்னோட கணிப்பு, ஆனா பழம் மட்டும் வெச்சுட்டு பிளாக்கேப் தங்கலையேன்னு புலம்பறவங்களுக்கு இதத்தான் சொல்வேன்.

இதுக்கெல்லாம் மேல 2021ல வான் டோரன் குழு போட்டது. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் 59 இடத்துல 623 பிளாக்கேப்புக்கு காலுல கலர் வளையம் மாதிரி அடையாளம் போட்டு, எது எங்க எப்ப வந்துச்சுன்னு பின்தொடர்ந்தாங்க. ஸ்பெயின் பக்கம் குளிர்காலம் கழிக்கறதுங்க ஒரு இடத்துல நிக்காது, பழம் எங்க பழுக்குதோ அங்க போயிட்டே இருக்கும். இங்க வர்றது அப்படி இல்ல, அதே தோட்டம், அடுத்த வருஷமும் அதே தோட்டம், ஊருக்கு கிளம்பறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அங்கயே. மொத குளிர்காலத்துக் குஞ்சுங்கதான் கொஞ்சம் அலையும். தோட்டத்துக்கு அடிக்கடி வர்ற பெருசுங்க உடம்பு நல்ல நிலைல இருக்கு, ஆனா சேமிச்ச கொழுப்பு கம்மி. கேக்க முரணா இருக்கும், ஆனா தினம் சம்பளம் கரெக்டா வந்தா வீட்டுல அரிசி மூட்ட அடுக்கி வெக்க வேணாமே. அதே பறவைங்களுக்கு மூக்கும் நீளம், இறக்கை நுனியும் உருண்டை.

அதே ஆராய்ச்சில இன்னொண்ணு, இதத்தான் பேப்பர்காரங்க கண்டுக்கல. இதுங்க தோட்டத்த மட்டும் நம்பி இல்ல. வெளியயும் இரை தேடித் தின்னுதுங்க, பனியும் உறைகுளிரும் வந்தா நம்ம தோட்டத்துக்கு வர்றது அதிகமாகுது. நம்ம ஆப்பிள் ஒரு ஆபத்துக்கு ஒதுங்கற இடம்.

என் தோட்டத்துலயும் அதான் பாக்கறேன். பின்பக்க வேலில படர்ந்த ஐவி கொடில கறுப்பா கொத்து கொத்தா காய் பழுக்கற பிப்ரவரி மார்ச்ல ஆப்பிள் சீந்துவாரில்லாம கிடக்கும். தரை உறைஞ்சு கல்லாயிட்ட காலைல போய் பாருங்க, ஆண் பிளாக்கேப் ஒண்ணு பேரி மரத்துல ஒடிஞ்ச கிளை முனைல நான் குத்தி வெச்ச அரை ஆப்பிள் பக்கத்துலயே உக்காந்திருக்கும். தின்றது ரெண்டு கொத்து, மீதி நேரம் பூரா காவல். தொப்பி மயிர சிலிர்த்துட்டு, கழுத்த நீட்டி, வாயத் தொறந்து ராபின விரட்டும், ராபினே இங்க பெரிய சண்டியர், அதையே விரட்டும். ரெண்டு மடங்கு பெரிய பிளாக்பேர்ட் வந்தாத்தான் பின்வாங்கும், அதுவும் ஒரு முழம் தள்ளி உக்காந்து மொறைச்சுட்டே. சாயங்காலம் பாத்தா ஆப்பிள்ல சதை எல்லாம் போய் தோல் மட்டும் கிண்ணம் மாதிரி தொங்கும்.

அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்போ இத பாத்துட்டு, "ஏம்ப்பா, அரை ஆப்பிள அப்படியே குருவிக்கா குடுக்கறே? ஒரு வாழப்பழம் வெச்சா போதாதா, நம்ம வீட்ல கொண்டைக்குருவிங்க அதுக்குத்தானே உசுர விடும்"னாங்க. "இங்க ஊர்ல காய்க்கறது ஆப்பிள்தாம்மா, வாழப்பழம்தான் கப்பல்ல வருது"ன்னேன். நம்பல. அவங்க சொல்லுக்கு வாழப்பழமும் வெச்சேன், உறைபனில ஒரே ராத்திரில கறுத்து கூழா போச்சு, பிளாக்பேர்ட் மட்டும் வந்து வழிச்சு தின்னுட்டு போச்சு.

புல்லுருவி வந்த வழி

தீனியோட விளைவு பறவையோட நின்னுடல. மிசில்டோன்னு இங்க கிறிஸ்துமஸுக்கு வாசல்ல தொங்க விடுவாங்களே, அது புல்லுருவிதான், வெள்ளை முத்து மாதிரி பழம், உள்ள பிசின். ஹெர்ஃபோர்ட்ஷைர், வூஸ்டர்ஷைர், க்ளாஸ்டர்ஷைர், சாமர்செட்னு மேற்குப் பக்கத்து பழைய ஆப்பிள் தோப்புலதான் அது மண்டிக் கிடக்கும். அத காலகாலமா தின்னது மிசில் த்ரஷ்ங்கற பெரிய பறவை, பழத்த முழுசா முழுங்கிட்டு எங்கயோ போய் கழிஞ்சு வெக்கும், விதை பிசின் கயிறா தொங்கி பாதி தரைல விழும். பிளாக்கேப்புக்கு அந்த விதை வேணாம். தோலையும் சதையையும் உரிச்சு தின்னுட்டு, மூக்குல ஒட்டின விதைய பக்கத்துக் கிளைல தேய்ச்சு துடைக்கும். ஒவ்வொரு பழத்துக்கும் ஒவ்வொரு விதை, ஒவ்வொண்ணும் மரப்பட்டைல அழகா ஒட்டிக்கும். விதைக்கறதுல இதவிட நேர்த்தியான ஆள் கிடைக்காது. குளிர்கால பிளாக்கேப் பெருகினதுக்கு அப்புறம் புல்லுருவி முன்ன இல்லாத கிழக்குப் பக்கமும் தலை காட்டுது, புல்லுருவிய ஆராயறவங்க இந்தப் பறவைய கை காட்டறாங்க.

நம்ம ஊர்ல மாமரத்துல புல்லுருவி ஏறினா வெட்டி எறிவோம், அங்க இதே வேலைய செய்யறது தேன்சிட்டவிட சின்னதா இருக்கற ஃப்ளவர்பெக்கர் குருவி, சிவப்புப் பழத்த தின்னுட்டு பிசுபிசுன்னு ஒட்டற விதைய கிளைல தேய்ச்சிட்டு போகும். வேற கண்டம், வேற பறவை, வேலை அதேதான். இங்க பழைய தோப்புக்காரங்களுக்கு புல்லுருவி மேல ஆசையும் உண்டு, பயமும் உண்டு, அளவுக்கு மீறினா ஆப்பிள் மரமே பட்டுப் போகும்.

தீனி வெக்கிறதோட இன்னொரு முகம்

பிளாக்கேப்புக்கு லாபமா முடிஞ்சது எல்லாருக்கும் அப்படி முடியல. கிரீன்ஃபின்ச்னு ஒரு பச்சைக் குருவி, 2005க்கு அப்புறம் டிரைக்கோமோனோசிஸ்னு ஒரு ஒட்டுண்ணி நோய்ல கொத்து கொத்தா செத்துச்சு. தொண்டைல புண்ணு வந்து முழுங்க முடியாது, எச்சில் ஒழுகி, எடுத்த விதைய திரும்ப தட்டுலயே துப்பும், அத அடுத்த பறவை கொத்தும். தீனித் தட்டே நோய் பரவற இடமாப் போச்சு. 2021ல கிரீன்ஃபின்ச்ச இங்க சிவப்புப் பட்டியல்ல சேத்தாங்க. ஒரே தட்டு, ஒருத்தனுக்கு வாழ்வு, இன்னொருத்தனுக்கு சாவு. அதனாலதான் தீனி வெக்கறது நல்லதா கெட்டதான்னு பொத்தாம்பொதுவா கேக்கறவங்கள கண்டா எனக்கு எரிச்சல் வரும், எந்தப் பறவைக்கு, எந்தத் தீனி, எப்படி வெச்சேன்னு கேக்கணும். பெர்டோல்டே பின்னாடி ஜெர்மனில வருஷம் பூரா தீனி வைங்கன்னு பேச ஆரம்பிச்சார், பூச்சியும் களை விதையும் அழிஞ்சு போன நாட்டுல அதான் நாம செய்யக்கூடியதுன்னு, அதுக்கு அங்க எதிர்ப்பும் பலமா இருந்துச்சு. நான் அவர் கட்சி முழுசா இல்ல, குளிர்காலத்தோட நிறுத்திக்கலாம்ங்கறது என் கட்சி.

நான் ஆப்பிள தட்டுல வெக்கறதே இல்ல. தட்டையான பலகைல எச்சமும் எச்சிலும் தேங்கும். அரையா வெட்டி, வெட்டின பக்கம் வெளிய தெரியற மாதிரி கிளை முனைலயோ, ஆணிலயோ, கம்பிலயோ குத்திடறேன், தலை உயரத்துக்கு, பக்கத்துலயே ஒளிய ஒரு புதர் இருக்கற மாதிரி, ஏன்னா பிளாக்கேப் வெட்டவெளிக்கு வராது. பழுப்பாகி நொளநொளன்னு ஆனத எடுத்து கம்போஸ்ட்ல போட்டுட்டு கிளை முனைய பிரஷ் போட்டு கழுவிடணும், அடிக்கடி இடத்தையும் மாத்தணும். கீழ விழுந்தத ராத்திரிக்கு முன்னாடி பொறுக்கலன்னா எலி வரும். காஞ்ச திராட்சை வெக்கறவங்க ஊறவெச்சு வைங்க, வீட்டுல நாய் இருந்தா அதையும் வெக்காதீங்க, திராட்சை நாய்க்கு விஷம். அவகாடோ பறவைக்கே விஷம், பழம்தானேன்னு வெச்சுடக் கூடாது. கொழுப்பு உருண்டைய நைலான் வலையோட தொங்க விட்டா கால் மாட்டிக்கும், வலைய கழட்டிட்டு கம்பிக் கூண்டுல போடுங்க.

கடைல காசு குடுத்து வாங்கற எதையும்விட வேலில நிக்கற ஐவி பெரிய தீனிக்கடை. அது செப்டம்பர் அக்டோபர்லதான் பூக்கும், பழுக்கறது வேற எல்லா பழமும் தீந்து போன பிப்ரவரிக்கு மேல, கரெக்டா பசி மாசத்துல. இங்க நிறைய பேரு வேலி அசிங்கமா இருக்குன்னு நவம்பர்ல கத்தரிச்சு தள்ளிடறாங்க, அந்த வருஷத்துக் காய் மொத்தமும் அதோட போச்சு. வெட்டித்தான் ஆகணும்னா பழம் முடிஞ்சதும், கூடு கட்டறதுக்கு முன்னாடி, அந்த நடு இடைவெளில லேசா வெட்டிக்கலாம், வேலியோட வெயில் படற பக்கத்த மட்டும் விட்டு வெச்சாலும் போதும், அங்கதான் காய் அதிகம் புடிக்கும்.

மார்ச் கடைசிக்குள்ள நான் ஆப்பிள நிறுத்திடுவேன். குளிர்கால ஆளுங்க அந்த நேரத்துல ஜெர்மனி பக்கம் கிளம்பிடுது. ஏப்ரல்ல அதே பேரி மரத்துல அதே கறுப்புத் தொப்பியோட ஒண்ணு உக்காந்து தொண்டை கிழிய பாடும், பாருங்க நம்ம ஆப்பிள் தின்ன ஆளு போகாம தங்கிட்டான்னு பக்கத்து வீட்டுக்காரங்க வருஷா வருஷம் சொல்லுவாங்க. அவன் இல்ல. அது ஸ்பெயின்லயோ மொராக்கோலயோ குளிர்காலம் கழிச்சிட்டு இப்பத்தான் வந்து இறங்கின உள்ளூர்க்காரன், அவனுக்கு ஆப்பிள் வெச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டான், கூட்டுல குஞ்சு வந்ததும் புழு புடிக்கத்தான் நேரம் சரியா இருக்கும்.